இரண்டு கிலோ நானூறு

நைனா முகம்மது கடைச் சுவரில்
துப்பாக்கிகள் படுத்திருக்கின்றன,
ஒவ்வொன்றின் காதிலும் ஒரு விலைச்சீட்டு.
அவற்றுக்கு மேலே ஒரு படம்:
பனி மலை, தொப்பி வைத்த வெள்ளைக்காரர்,
அவர் காலடியில் கொம்பு சுருண்ட ஆடு.
"மலை வேட்டைக்காரங்க தூக்குற மாதிரியே செஞ்சதுக்கா இது.
கட்டை பிளாஸ்டிக். மழையில ஊதாது, துரு புடிக்காது.
குண்டு மட்டும் பலூனுக்கு"
என்று சிரித்தார்.

எனக்கு மலை தெரியாது.
உச்சிப்புளிக்காரிக்கு
உச்சி ஊர்ப்பெயரில் மட்டும்தான்.
நான் அண்ணாந்து பார்த்த உயரம்
வாலிநோக்கத்து உப்புக் குவியல்.
அதையும் மழைக்கு முன்னே
கீற்றுப் போட்டு மூடிவிடுவார்கள்.

ஆனாலும்
அரியமானில் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து
தட்டி, சாக்குத்திரை, பலூன் பை,
தோளுக்கு ஒன்றாய் இரண்டு துப்பாக்கி.
எடுத்து வைத்த அடியில் பாதியை
மணல் திரும்ப வாங்கிக்கொள்ளும்.
மலை ஏறுகிறவனுக்கு
ஏறினோம் என்றாவது இருக்கும்.

பழையதில் ஒன்றுக்கு ஸ்பிரிங் செத்துப்போச்சு.
இன்னொன்றின் மரக்கட்டை
கார்த்திகை மழையில் ஊதி வெடித்து
நரம்புக் கயிற்றால் கட்டிக்கிடக்கிறது.
மூன்றரை கிலோ.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூக்கினால்
குழல் தரையைப் பார்க்கும்,
கொடுத்த இருபது ரூபாய்க்கு
மணலைச் சுட்டுவிட்டுப் போவார்கள்.

"எடை எவ்வளவு?"
"லேசுதான்க்கா."
"லேசு எத்தனை கிலோ?"
அட்டைப்பெட்டியில் அச்சு அழிந்திருந்தது.
கடையில் தராசு இல்லை.
எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.
சாலைத் தெருவில் ஒரு பெண் துப்பாக்கியோடு வந்தால்
ஆட்டோக்கள் தாமாகவே ஒதுங்குகின்றன.
எதிரே கருவாட்டுக் கடை.
நெத்திலியை வழித்துத் தள்ளிவிட்டு
தட்டில் குறுக்கே வைத்தேன்.
ஆரோக்கியமேரி கண்ணாடியைத் துடைத்து மாட்டி
முள்ளைப் பார்த்தாள்:
"ரெண்டு கிலோ நானூறு.
கிலோ என்ன வெலைக்குப் போடுறே?"

ஒன்பதாயிரத்து எண்ணூறு சொன்னார்.
குழுவில் எடுத்த கடன் ஆறாயிரம்
ஜாக்கெட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது.
தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடிக் குழாய் வேண்டாம்,
என் பலூன் எட்டடியில் இருக்கிறது, ஓடாது.
தோல் வார் வேண்டாம், சேலைக் கிழிசல் போதும்.
படம் போட்ட உறையும் வேண்டாம்.
ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கழற்றி
மலையிலிருந்து கீழே இறக்கினேன் அதை.
கடைசியில் உள்ளே போய்
கட்டையில் கீறல் விழுந்த ஒன்றை
தூசியோடு கொண்டுவந்தார்.
ஆறாயிரத்து இருநூறு. இருநூறு கடன்.
கருவாட்டு வாசம் போகத் துடைக்கச் சொன்ன அந்தத் துப்பாக்கியை
யார் வாங்கினார்களோ.

ஞாயிற்றுக்கிழமை, காற்று தெற்கே.
முதல் ஆளாய் வந்தான் கடல்ராசு,
ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்குகிறவன்,
பழைய துப்பாக்கியில் பத்துக்குப் பத்து அடிப்பவன்.
கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்து
ஒன்று. இரண்டு. ஐந்து.
ஒரு பலூனும் உடையவில்லை.
பின்னால் நின்ற பையன்களும் வாங்கிப் பார்த்தார்கள்.
சாக்குத்திரையில்
பலூன்களுக்கு வலப்பக்கமாக
வரிசையாய்ப் பொத்தல்.

"சேதுராக்கக்கா, குழலை வளைச்சு வச்சிருக்கே.
ஏமாத்துறே."

பழசு இடதுபக்கம் இரண்டு விரல் தள்ளும்.
நாலு வருஷமாய் அந்த இரண்டு விரலை
வலதுபக்கம் சேர்த்துப் பார்க்கக் கற்றிருந்தது
என் கரை முழுக்க.
இது நேராய்ப் போகிறது,
அவ்வளவுதான் இதன் குற்றம்.

சொன்னேன். நம்பவில்லை.
துப்பாக்கியை வாங்கி
மஞ்சள் பலூனைப் பார்த்தேன், மஞ்சளை மட்டும்.
கை வலிக்கவில்லை.
வெடித்த சத்தத்தில்
பக்கத்து மாங்காய் வண்டியில் உட்கார்ந்திருந்த காகம்
ஒரு சாண் எழும்பி
அங்கேயே உட்கார்ந்தது.

"அந்தப் பழசைக் குடுக்கா"
என்றான் கடல்ராசு.
கொடுத்தேன்.
பத்துக்குப் பத்து.
பலூன் காசு எனக்கு நட்டம்.

இருட்டும்போது குழலுக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன்,
துரு பிடிக்காது என்று அவர் சொல்லியிருந்தாலும்.
இந்தக் காற்றை அவருக்குத் தெரியாது.